பதினொன்றாம் நம்பர் கண்ணாடி

நவம்பர் 3, திங்கள்

லைட் மீனுக்கு இல்லை, பவளத்துக்கு. மீன் அரை இருட்டிலும் பிழைத்துக்கொள்ளும். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சமைக்கும், பவளம் சாப்பிடும். லைட் இல்லையென்றால் இரண்டும் பட்டினி. அம்மா இதை மூன்றாவது தடவையாகக் கேட்டதால் இங்கேயே எழுதி வைக்கிறேன். நான்காவது தடவை கேட்டால் நோட்டைக் காட்டிவிடலாம்.

தொட்டி சனிக்கிழமை வந்தது. நான் மாதம் இரண்டு முறை தண்ணீர் மாற்றப் போகும் அண்ணாநகர் டாக்டர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறார். "தூக்கிட்டுப் போயிடு தம்பி" என்றார். இரண்டரை அடித் தொட்டி, பாறை, இரண்டு ஆரஞ்சுக் கோமாளி மீன், ஆறு நத்தை, பச்சை மஷ்ரூம் பவளம் ஒரு கொத்து, ஆரஞ்சு விளிம்பு வைத்த ஜோவா பவளம் ஒரு கல். எல்லாம் இலவசம். லைட்டை மட்டும் முன்னாடியே விற்றுவிட்டார். பணக்காரர்கள் இப்படித்தான், காரைச் சும்மா கொடுத்துவிட்டு டயரைக் கழற்றிக்கொள்வார்கள்.

இப்போதைக்கு மேலே ஒரு டியூப்லைட்டைக் கட்டியிருக்கிறேன். ஜோவா என்பது சட்டைப் பட்டன் அளவு பூ, ஒவ்வொன்றையும் ஒரு தலை என்று எண்ணுவோம். பதினோரு தலை. ஐம்பது வந்தால் ஜனவரியில் எங்கள் பவளக் குழுவின் சந்தையில் எனக்கு ஒரு மேஜை தருவதாக நசீமா அக்கா சொல்லியிருக்கிறார். மேஜை கிடைத்தால் பெயர் கிடைக்கும், பெயர் கிடைத்தால் அடுத்தவன் தொட்டியைக் கழுவுவதை நிறுத்தலாம்.

நவம்பர் 5, புதன்

லைட் பார்க்கப் போனேன். கொளத்தூரில் நான்கு கடை.

நல்ல கம்பெனி லைட், போனிலேயே சூரியோதயம் வைக்கலாம். விலையைக் கேட்டுவிட்டுக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்காத குறை. செகண்ட் ஹேண்டில் ஒன்று, ஃபேன் சுற்றும்போது சுக்கு இடிக்கிற சத்தம். அப்புறம் சாதாரண வெள்ளை ஃப்ளட் லைட், கோயில் திருவிழாவுக்குக் கட்டுவது. பவளம் அதிலும் வளரும் என்கிறார்கள், ஆனால் கலர் செத்துப்போகும். கடைசியாகச் சீனாவின் கறுப்புப் பெட்டி. பெயரே கிடையாது, எல்லாரும் பிளாக் பாக்ஸ் என்பார்கள். இரண்டு திருகு, ஒன்று நீலத்துக்கு, ஒன்று வெள்ளைக்கு. பாதி உலகம் இதில்தான் பவளம் வளர்க்கிறது.

பெட்டியை வாங்கிவிட்டேன். இரண்டு மாத சர்வீஸ் வருமானம். ஒரு வாரம் யோசி என்றார் கடைக்காரர். யோசிக்கிறவன் காலேஜில் இருப்பான்.

நவம்பர் 6, வியாழன்

காலையில் மாட்டினேன். இரண்டு திருகையும் முழுக்கத் திருகினேன். ஹால் சுவரெல்லாம் நீல அலை. ஜோவா விளிம்பு நெருப்புக் கங்கு மாதிரி. அரை மணி நேரம் உட்கார்ந்தே இருந்தேன்.

அப்பா உள்ளே இருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாடா இது, கல்யாண மண்டபம் மாதிரி கீது" என்றார். கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 8, சனி

ஜோவா மூடிக்கொண்டது. பதினொன்றும். மஷ்ரூம் சுருங்கி வெளிறிவிட்டது.

அப்பாவுக்கும் கண்ணில் தண்ணீர். அம்பத்தூரில் இருபத்தாறு வருஷம் வெல்டிங். கண்ணுக்குள் மணலைக் கொட்டினது மாதிரி இருக்கு என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன், உருளைக்கிழங்கைச் சீவிக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். பார்வை இருக்கிறது, வெளிச்சம்தான் ஆகாது. ஜூனில் டாக்டர் இனி வேலைக்கே போகக் கூடாது என்றுவிட்டார். அன்றிலிருந்து ஹாலில் திரையை இழுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார், தெருவில் போகிறவர்களைக் குரலை வைத்தே கூப்பிட்டு வம்பிழுப்பார். உள்ளறையில் ஜன்னல் கூட இல்லை. மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறார்.

நான் காலேஜை விட்டதும் ஜூன்தான். அது வேற விஷயம். தெர்மோடைனமிக்ஸ் எனக்கு ஏறவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பெரம்பூர் போய் நசீமா அக்காவிடம் போட்டோ காட்டினேன். அக்கா பேங்கில் கேஷியர், வீட்டில் ஆறடித் தொட்டி. குழுவில் முப்பது பேருக்கும் அவர்தான் பஞ்சாயத்து.

"எத்தினி பர்சென்ட்ல வச்சே?"

"ஃபுல்லுக்கா."

"ஏன், இன்னும் நாலு பாக்ஸ் வாங்கி மாட்டியிருக்கலாமே. டியூப்லைட்ல கெடந்தது அது. ஒருத்தன ரெண்டு மாசம் ரூமுக்குள்ள பூட்டி வச்சிட்டு, மே மாசம் மத்தியானம் மெரினா மணல்ல கொண்டுபோய் நிறுத்துவியா?"

"தெரியாதுக்கா."

"தெரியும்டா ஒனக்கு. அவசரம். இருபதுல வை. வாரத்துக்கு அஞ்சு ஏத்து. அவ்ளோதான். இதுக்கு மேல ஒரு திருகு திருகுன, வெரல ஒடச்சிருவேன்."

பிரியாணி போட்டு அனுப்பினார்.

நவம்பர் 10, திங்கள்

இருபது. மூன்று தலை எட்டிப் பார்க்கிறது. மஷ்ரூமைப் பாறைக்குப் பின்னால் நிழலுக்கு மாற்றினேன், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

நவம்பர் 16, ஞாயிறு

எல்லாம் திறந்துவிட்டது. பதிமூன்று தலை. இருபத்தைந்துக்கு ஏற்றினேன்.

அப்பாவுக்கு இருபதும் ஒன்றுதான், நூறும் ஒன்றுதான். நாற்காலியில் உட்கார்ந்தால் பெட்டியின் அடிப்பக்கம் நேராகக் கண்ணில் படுகிறது. நீலம்தான் ரொம்பக் குத்துகிறது என்கிறார். அட்டைப் பெட்டியை வெட்டிச் சுற்றிலும் மறைத்தேன். பெட்டியின் ஃபேனுக்குக் காற்று போகாமல் அட்டை சூடாகி வளைந்து தண்ணீரில் விழுந்தது. மீன் இரண்டும் அதற்குக் கீழே குடும்பம் நடத்தப் போய்விட்டன.

அம்மா ஸ்கேன் சென்டர் ரிசப்ஷனில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறாள். வந்ததும் ஹேண்ட்பேக்கைக் கூட இறக்காமல் சொன்னாள்: "இங்க பாரு தினா. ஒண்ணு அந்தத் தொட்டி ஹால்ல இருக்கணும், இல்ல உங்கப்பா இருக்கணும். மனுஷன் வௌவால் மாதிரி உள்ள கெடக்குறாரு. கிறிஸ்மஸ் லீவு வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள நீயே ஒரு வழி பண்ணு. நான் பண்ணேன்னா நல்லா இருக்காது."

உள்ளேயிருந்து அப்பா: "ஏய் கலா, வௌவால்ன்ற. மாப்பிள்ள பாக்க வந்தப்ப அப்பிடிச் சொல்லலியே."

"அப்ப வெளிச்சத்துல பாத்தேன்" என்றாள் அம்மா.

நவம்பர் 18, செவ்வாய்

பிரச்சினை முடிந்தது. முடித்தது அப்பா.

மத்தியானம் பரணிலிருந்து ஏதோ உருட்டும் சத்தம். பார்த்தால் அப்பா கையில் பழைய வெல்டிங் ஷீல்டு. கைப்பிடி வைத்தது, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வது, நடுவில் கறுப்புக் கண்ணாடி. நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டார். ஷீல்டைப் பிடித்தார்.

"இன்னாப்பா இது?"

"பதினொண்ணாம் நம்பர் கண்ணாடி. இதுல பாத்தா வெல்டிங் பொறியே மின்மினி மாதிரி தெரியும். உன் லைட்டு எம்மாத்திரம்."

"தொட்டி தெரியுதா?"

"சூப்பரா கீது. குளுகுளுன்னு கீது."

அம்மா வந்து பார்த்தாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன், சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செலவு சைபர். கொளத்தூரில் ஒருத்தனுக்கும் இந்த ஐடியா வரவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

பதினேழு தலை. முப்பது பர்சென்ட்.

அப்பா தினமும் மூன்று மணி நேரம் உட்காருகிறார், ஷீல்டைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு. நான் வேலைக்குப் போய் வந்தால் ரிப்போர்ட் தருகிறார். "பெரிய மீனு சின்னதத் தொரத்திக்கினே இருந்துச்சு." "பச்சக் கலரு நல்லா விரிஞ்சிருக்குடா." பச்சை பாறைக்குப் பின்னால் போய் இரண்டு வாரம் ஆகிறது, எதையோ பார்த்துச் சொல்கிறார். கண் அப்படித்தான்.

தோள் வலிக்கிறது என்று அம்மாவிடம் தைலம் கேட்டார். வயசு.

டிசம்பர் 2, செவ்வாய்

அப்பாவின் ஆஸ்பத்திரி அட்டையைத் தேடும்போது அம்மா என் மார்க் ஷீட்டை எடுத்துவிட்டாள். மூன்றாவது செமஸ்டர். ஹாலில் நின்று சத்தமாகப் படித்தாள், அவளுக்கு எதையும் மனசுக்குள் படிக்கத் தெரியாது.

"தெர்மோடைனமிக்ஸ், ஏ பிளஸ்."

அப்பா ஷீல்டை இறக்காமலே கேட்டார்: "ஏ பிளஸ்னா இன்னா கலா, பெயிலா?"

அம்மா மார்க் ஷீட்டை மடித்தாள். என்னைப் பார்த்தாள்.

"தப்பாப் போட்டுட்டாங்க" என்றேன். "ரீவேல்யுவேஷன் போட்டிருந்தா பெயிலாகியிருக்கும்."

"அதான பாத்தேன்" என்றார் அப்பா. ஷீல்டைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். 

பத்தொன்பது தலை.

டிசம்பர் 7, ஞாயிறு

மீட்டர் வந்துவிட்டது.

வெளிச்சம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று தண்ணீருக்குள் அளக்கிற மீட்டர். குழு முழுக்கச் சேர்ந்து வாங்கியது, முப்பது பேருக்கு ஒன்று. ஒருத்தருக்கு மூன்று நாள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது காலியாகக் கொடுக்கக் கூடாது, உங்கள் வீட்டில் வளர்ந்த பவளத்தில் ஒரு துண்டை உள்ளே வைக்க வேண்டும். கடலில் உடைத்து எடுத்த எதையும் நாங்கள் தொடுவதில்லை. ஒருத்தர் வீட்டில் வளர்ந்ததை வெட்டி அடுத்தவர் வீட்டில் ஒட்டுவது, அவ்வளவுதான். அதனால் மீட்டர் போகிற வீடெல்லாம் பவளமும் போகும்.

நசீமா அக்காவே கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவை ஷீல்டோடு பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"நல்லாத் தெரியுதா அங்கிள்?"

"ஃபஸ்ட் கிளாஸ்ம்மா. நீ இன்னா கலரு சேல கட்டினுகீறன்னு கூடச் சொல்வேன், மரியாதைக்குச் சொல்லல."

அக்கா சுடிதார் போட்டிருந்தார். ஷீல்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முப்பத்தைந்து பர்சென்டில் பாறை மேல் நூற்றிருபது. ஜோவாவுக்கு இதைவிட நல்ல எண் கிடையாது. இருபத்து மூன்று தலை. இந்த வேகத்தில் சந்தை நாளுக்குள் ஐம்பது வராது, ஆனால் நாற்பது வரும். நாற்பதுக்கு அரை மேஜை கேட்பேன்.

டிசம்பர் 8, திங்கள்

பதினோரு மணிக்கு லைட் தானாக எரிய வேண்டும். டைமரில் மாட்டியிருக்கிறேன். காலையில் கரன்ட் போய் வந்ததில் டைமர் குழம்பியிருக்கிறது. நான் பதினொன்றே முக்காலுக்கு வந்தேன். பெட்டி எரியவில்லை. திரை இழுத்த ஹால், தொட்டி கன்னங்கரேலென்று இருக்கிறது, மோட்டார் மட்டும் ஓடுகிறது.

அப்பா எதிரே நாற்காலியில். ஷீல்டு முகத்துக்கு நேராக.

செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பாமலே சொன்னார்: "வந்துட்டியா. இன்னிக்கி செமயா விரிஞ்சிருக்குடா. அந்த ஆரஞ்சு கீதே, தகதகன்னுது."

நான் தொட்டியைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"ஆமாப்பா" என்றேன்.

மெதுவாகப் போய் டைமரைத் திருகி லைட்டை எரியவைத்தேன். அவர் அசையவே இல்லை.

அவர் குளிக்கப் போனதும் ஷீல்டை எடுத்து அதே நாற்காலியில் உட்கார்ந்து பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மேலே பச்சையாக மங்கலாக ஏழெட்டுப் புள்ளி, பெட்டியின் பல்புகள். கீழே தொட்டி இருக்கிற இடத்தில் கறுப்பு. மீன் இல்லை, பாறை இல்லை, என் கையைக் கண்ணாடிக்கு முன்னால் ஆட்டினால் கையும் இல்லை.

நான் இரண்டு வருஷம் மெக்கானிக்கல் படித்தவன். வொர்க்‌ஷாப் லேபில் இதே கண்ணாடியைப் பிடித்திருக்கிறேன். எனக்குத் தெரியும். அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மூன்று வாரம். தினம் மூன்று மணி நேரம். ஷீல்டு முக்கால் கிலோ இருக்கும்.

டிசம்பர் 9, செவ்வாய்

அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லி என்ன. "தொட்டி இருக்கட்டும்னுதான்டா" என்பார், அப்புறம் நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும், அப்புறம் ஏ பிளஸ் வரை போகும்.

வேலைக்கு லீவு. கொளத்தூரில் அதே கடை. கோயில் ஃப்ளட் லைட் இருந்ததே, அதில் சின்னது, முப்பது வாட், வெள்ளை. பெயர்ப் பலகை செய்கிற கடையில் பால் வெள்ளை அக்ரிலிக் ஒரு துண்டு, சன்போர்டு என்கிற கறுப்பு ஃபோம் அட்டை இரண்டு அடி. அக்ரிலிக்கை லைட்டுக்குக் கீழே பிடித்தால் பல்பு கண்ணில் குத்தாது, வெளிச்சம் பரவலாக இறங்கும். சன்போர்டை நாலு பக்கமும் பாவாடை மாதிரி தொட்டி விளிம்பு வரை இறக்கினேன். உள்ளே எரிவது வெளியே தெரியாது, தண்ணீர் மட்டும் தெரியும். இந்தத் தடவை மேலே காற்றுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

மீட்டரை இறக்கினேன். பாறை மேல் நாற்பத்தைந்து. மணலில் முப்பது.

மஷ்ரூமுக்கு முப்பதே போதும், அது நிழலில் பிறந்தது. ஜோவாவுக்குப் போதாது. சாகாது, ஆனால் வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டி நீட்டி, நிறமெல்லாம் போய் இருட்டில் விட்ட முளைப்பயறு மாதிரி ஆகும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அப்பா, ஜோவா இரண்டு பேரும் சரியாக இருக்கிற வெளிச்சம் என்று ஒன்று இல்லை. சாயங்காலம் வரை லைட்டைத் தூக்கி இறக்கி மீட்டரில் பார்த்துவிட்டேன். எழுபதில் அப்பா கண்ணை இடுக்குகிறார். அறுபதிலும். ஐம்பதுக்குக் கீழே வந்தால் இடுக்கவில்லை, ஷீல்டின் ஓரத்தில் கண் தெரிகிறதே, அதை வைத்துத்தான் பார்த்தேன். எதற்கு இத்தனை தடவை தூக்கி இறக்குகிறாய் என்று கேட்டார்.

"மீட்டர் செக் பண்றேன்பா."

"பண்ணு பண்ணு."

டிசம்பர் 10, புதன்

பெரம்பூர். டப்பாவைக் கொடுத்தேன். அக்கா திறந்து பார்த்தார். மீட்டருக்குப் பக்கத்தில் தண்ணீர் கட்டிய கவரில் ஜோவாக் கல், முழுசாக.

"ஒரு தலை வச்சாப் போதும்டா. இருபத்து மூணையும் வச்சிருக்க."

"ஒங்க லைட்ல நல்லா வரும்க்கா."

"மேஜை?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்."

ஏன் என்று கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன், ஜோவா எனக்குப் போரடித்துவிட்டது என்று. அவர் கேட்கவில்லை. "அங்கிளுக்கு நான் சுடிதார்தான் போட்டிருந்தேன்னு சொல்லு" என்றார். அப்புறம் உள்ளே போய் ஒரு டப்பாவில் சிவப்பு மஷ்ரூம், நீல மஷ்ரூம், இரண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். "இது இருட்டுல வளர்றது. இதுக்கும் ஆள் வாங்க வருவாங்க, லேட்டா வருவாங்க."

கறுப்புப் பெட்டியைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். யோசி என்று சொன்னேனே என்றார். ஆமாண்ணே என்றேன்.

டிசம்பர் 13, சனி

பச்சை மஷ்ரூமைப் பாறைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தேன். சிவப்பும் நீலமும் பக்கத்தில். அம்மா வந்து பார்த்தாள். "இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றாள். கிறிஸ்மஸ் லீவு பற்றி இனி பேச்சில்லை.

அப்பா ஷீல்டோடுதான் உட்காருகிறார். இனி வேண்டாம் என்று நான் சொன்னால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அதனால் சொல்லவில்லை. "லைட்ட மாத்திட்டேன்பா, கரன்ட் பில்லு ஜாஸ்தியாவுது" என்று மட்டும் சொன்னேன்.

"அப்பிடியா. தெரியலியே" என்றார்.

டிசம்பர் 17, புதன்

ஷீல்டு இன்னும் கையில்.

டிசம்பர் 19, வெள்ளி

ஷீல்டு மடியில் இருந்தது. நான் உள்ளே வந்ததும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

டிசம்பர் 21, ஞாயிறு

தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று ஸ்கேன் சென்டர் லீவு, அம்மா மீன் வாங்கப் போயிருக்கிறாள், சாப்பிடுகிற மீன். மஷ்ரூம் மூன்றும் தட்டு மாதிரி விரிந்திருக்கிறது. பச்சைக்குப் பக்கத்தில் குட்டி ஒன்று விட்டிருக்கிறது, பட்டாணி அளவு. அதை எண்ணுவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். கோமாளி மீன் இரண்டும் பாறை இடுக்கில் ஏதோ சண்டை. கண்ணாடியில் பாசி துடைக்க வேண்டும், நாளைக்கு அண்ணாநகரில் ஒரு புதுத் தொட்டி, உப்பு மூட்டை வாங்க வேண்டும், அப்பாவின் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, அதையும்

"டேய் தினா."

"இன்னாப்பா."

"கல்லுக்கு லெஃப்ட்ல, மூலையில, ஒரு நத்தை மல்லாக்கக் கெடக்குது பாரு. காலைலேர்ந்து கால ஆட்டிக்கினே கீது. திரும்ப முடியல அதால."

எட்டிப் பார்த்தேன். ஆமாம். மணலில், மூலையில், புளியங்கொட்டை அளவு நத்தை. நான் கவனிக்கவே இல்லை. கவிழ்ந்தே கிடந்தால் செத்துவிடும்.

ஷீல்டு நாற்காலிக்குக் கீழே கிடக்கிறது.

"எழுதுனது போதும், எந்திரி. பாவம்டா அது."

கை கழுவ வேண்டும், சோப்பு இருக்கக் கூடாது. போகிறேன்.